ஆள் உயரத்தில் நின்ற கார்

கார் மேலே போனது. கீழே இறங்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் பெரியநாயகசாமியைக் கேட்டால் குற்றவாளிப் பட்டியல் ஒன்று வாசிப்பார். மின்சாரம், கோயம்புத்தூர்க் கம்பெனி, குடமுருட்டி ஆறு. அவர் பெயர் மட்டும் அதில் இருக்காது.

முப்பத்திரண்டு வருஷம் பொதுப்பணித்துறையில் மதகு ஷட்டர்களை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். திருக்காட்டுப்பள்ளியில், ஆற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. காருக்கு அடியில் படுத்து நட்டு முடுக்குவதுதான் பொழுதுபோக்கு. தை மாதம் ஒருநாள் படுத்தார். எழ முடியவில்லை. மனைவி அருள்மேரியும் பக்கத்து வீட்டு அமிர்தமும் ஆளுக்கொரு காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

அன்றே சபதம். "இனி நான் காருக்குக் கீழ போக மாட்டேன். கார்தான் எனக்கு மேல போகும்!"

வழியும் கண்டுபிடித்தார். ஷெட் தரையில் குழி வெட்டி ஹைட்ராலிக் லிப்ட் பதிப்பது. ஒரு பட்டனை அமுக்கினால் கார் ஆள் உயரம் எழும். இன்னொன்றை அமுக்கினால் தரையோடு தரையாகும்.

"ஏங்க, ஒர்க்‌ஷாப்ல விட்டா அவங்க பாக்க மாட்டாங்களா?" என்றாள் அருள்மேரி.

"கண்டவன் கை என் கார்ல படக் கூடாது."

"சரி. குழி வெட்டுறீங்களே, ஆத்துல தண்ணி வந்தா..."

"நிறுத்து! தண்ணியப் பத்தி எனக்குச் சொல்றியா? ஷட்டரைத் தூக்கித் தண்ணி விட்டவனே நான்தான்."

"நீங்க விட்டது வாய்க்கால்ல. நான் சொல்றது ஊத்துத் தண்ணி."

"இந்தா பாரு. லிப்ட் விஷயத்துல நீ இனிமே வாயத் தொறக்கக் கூடாது. நானா சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது!"

தெருவுக்கே கேட்டது.

"மாதா மேல சத்தியமா பேசமாட்டேன்," என்றாள் அருள்மேரி.

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. மனுஷன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

பங்குனியில் குழி வெட்டினார்கள். ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. ஆறடி தோண்டியும் மண் நனையவில்லை. லிப்ட் மாட்ட கோயம்புத்தூர்க் கம்பெனி அனுப்பிய பிட்டர் தமிழ்மாறன் வெளியூர்க்காரன், அதனால் பயந்தான்.

"மோட்டாரை வெளியில சுவர்ல வச்சிடலாமா சார்? குழியில தண்ணி ஊறுனா வம்பு."

"வெளிய தெரிஞ்சா அசிங்கம். உள்ளயே வை. என்னைக் கேக்காம இந்த ஊர்ல தண்ணி வராது."

மாட்டி முடித்ததும் அவன் மறுபடி ஆரம்பித்தான். "சார், கரண்ட் போச்சுன்னா என்ன செய்யணும்னா..."

"முப்பத்திரண்டு வருஷம் ஷட்டர் தூக்கினவன்யா நான். எனக்குப் பாடமா? உள்ள போயி சாப்பிட்டுக் கிளம்பு."

தமிழ்மாறன் சாப்பிடப் போனான்.

ஆனியில் கல்லணை திறந்தது. குடமுருட்டியில் தண்ணீர் வந்தது. ஊரே பூ தூவிக் கும்பிட்டது. பெரியநாயகசாமியும் ஒரு கை தூவினார். சில நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, காரை ஏற்றினார். ஜோராக எழும்பியது. ஆயில் மாற்றினார். இறக்கும் பட்டனை அமுக்கினார்.

'டொப்' என்றது. புகை வந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தார். குழிக்குள் மோட்டார் குளித்துக்கொண்டிருந்தது. அதன் தலைமேல் ஒரு தவளை. அது அவரைத்தான் பார்த்தது.

போன் போட்டார். தமிழ்மாறன் ஒடிசாவில் இருந்தான். "கவலையே வேணாம் சார். ரொம்பச் சுலபம். வீட்ல மேடம்..."

"மேடத்தை ஏன்யா இழுக்கிறே?" வைத்துவிட்டார்.

மானம் போகும் நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை கீழ்வேளூர் சம்பந்தி ஆண்டனி வருகிறார், லிப்டைப் பார்ப்பதற்கென்றே. "வீட்டுக்குள்ள லிப்டா? ஒரு மாசம் ஓடுமா?" என்று கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் சிரித்தவர். "வந்து பாருங்க சம்பந்தி, என் கையால ஏத்தி என் கையால இறக்கிக் காட்டுறேன்," என்று இவரும் அளந்திருந்தார்.

நாலு நாள் இருந்தது. கார் இல்லாததால் வெளியே போக வழியில்லை. வீட்டோடு இருக்கும் ஆம்பளைக்கு வேலை தானாக முளைக்கும். வியாழன், ஒட்டடை. வெள்ளி, மாடித் தண்ணீர்த் தொட்டி. சனி, உளுந்து புடைத்தார்.

அமிர்தம் மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, அண்ணன் முறமும் கையுமா இருக்காரு?"

"வீட்ல சும்மாதானே இருக்காங்க."

"கார் ஏன் அந்தரத்துல நிக்குது?"

"அதப் பத்தி நான் பேசக் கூடாது அமிர்தம். மாதா மேல சத்தியம்."

பெரியநாயகசாமி ராத்திரி ஜெபத்தில் முறையிட்டார். காணாமல் போன பொருளுக்கு அந்தோணியார் இருக்கிறார். கண்ணெதிரே தொங்கும் பொருளுக்கு எந்தப் புனிதர் என்று விளங்கவில்லை.

ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் போன் அடித்தது. ஆண்டனி. "பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டேன் சம்பந்தி. நடந்தே வர்றேன்."

பத்து நிமிஷம். அப்போதுதான் தமிழ்மாறன் போனில் இழுத்த 'வீட்ல மேடம்' மூளையில் பொறி தட்டியது. அடுப்படிக்கு ஓடினார்.

"மேரி, அந்தத் தமிழ்மாறன் உங்கிட்ட எதாவது சொன்னானா?"

அருள்மேரி தேங்காய் துருவினாள்.

"உன்னைத்தான்! சரி, பேசு."

"எந்த விஷயமுன்னு சொல்லாம எப்படிங்க பேசறது? சத்தியம் பண்ணியிருக்கேன்."

"லிப்ட் விஷயம்! பேசலாம்."

"சத்தமா சொல்லுங்க. கூடாதுன்னப்ப தெருவுக்கே கேட்டுச்சு."

கடிகாரத்தைப் பார்த்தார். பல்லைக் கடித்தார். வாசலுக்குப் போய் நின்றார்.

"லிப்ட் விஷயத்துல என் பொண்டாட்டி பேசலாம்!"

மதிலுக்கு அப்பால், "அப்பாடா," என்றாள் அமிர்தம்.

அருள்மேரி கையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். சுவரில் தொங்கிய அவர் சட்டையை எடுத்தாள். சட்டைக்குக் கீழே ஒரு சிவப்புக் கைப்பிடி இருந்தது. நாலு நாளாக அதில்தான் மனுஷன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அதைத் திருகினாள். 'உஸ்ஸ்' என்றது. அடைக்கோழி உட்காருவதுபோல் கார் நிதானமாகக் கீழே வந்து அமர்ந்தது.

"கரண்ட் போனா இதைத் திருகணும்னு பாதிச் சோத்துல எழுந்து வந்து காட்டுச்சு அந்தப் புள்ள."

"நாலு நாளா ஏன்டி சொல்லல?"

"சத்தியத்தை மீறலாமா? அதோட, உளுந்தும் பாக்கி இருந்துச்சு."

கேட் கிறீச்சிட்டது. ஆண்டனி உள்ளே வந்தார். காரைப் பார்த்தார், தண்ணீர்க் குழியைப் பார்த்தார், சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார்.

"தெருமுனை வரைக்கும் உங்க குரல் கேட்டுச்சு. என்ன, மக்கர் பண்ணிடுச்சா?"

"லேசா."

"காரு இறங்கித்தானே இருக்கு. நீங்களேவா இறக்கினீங்க?"

அருள்மேரி வாயைத் திறந்தாள். இப்போது அவளுக்கு அனுமதி உண்டு.

பெரியநாயகசாமி முந்திக்கொண்டார்.

"இறக்கினது அருள்மேரி."