நுரை அண்ணாச்சியும் ஐந்தாவது சொட்டும்

தென்காசி வட்டாரத்தில் நுரை அண்ணாச்சி குலுக்கிப் பார்க்காத கிணறு கிடையாது. அவரை வையாத கிணற்றுக்காரரும் கிடையாது. சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். வருஷக்கணக்காகப் பக்கத்து வீட்டில் குடியிருந்த எனக்கே அது என்னவென்று தெரியாது.

செங்கோட்டை ரயில் ஷெட்டில் அவருக்கு வேலை. என்ஜின் பாய்லருக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரால் சுவரில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆள் நெடுநெடுவென்று இருப்பார். சிரிப்பு வந்தாலும் தங்க இடமில்லாத முகம். அதற்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி சிறுநீர் இறங்காமல் கல்லடைப்பில் மூன்று நாள் துடித்துச் செத்துப்போனாள்.

"மாசாமாசம் பாய்லரைக் கழுவுனேன். குடிக்குத கெணத்தைப் பாக்காமப் போயிட்டேனே" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். தண்ணீருக்கும் கல்லடைப்புக்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அண்ணாச்சி டாக்டர் வீட்டுக் கிணற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியக் குடிக்கிறவரு வேற எப்படிப் பேசுவாரு?" என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டார்.

சோதனைக்கு இரண்டு மருந்துக் குப்பிகள் வைத்திருந்தார். ஒன்றில் துணி துவைக்கும் சவுக்காரம் கரைத்த நீர். மற்றதில் அந்தந்த வீட்டுத் தண்ணீரை ஊற்றி, சவுக்கார நீரை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்குவார். நுரை வந்தால் மட்டும் போதாது, நிற்க வேண்டும். கடிகாரம் அவரிடம் கிடையாது. ஒரு வெற்றிலையைப் போட்டு மென்று முடிக்கும் வரை நுரை அடங்காமல் இருந்தால் கணக்கை முடிப்பார். தண்ணீரில் உப்பு கூடக் கூடச் சொட்டும் கூடும். குற்றால அருவித் தண்ணீருக்கு ஐந்தே சொட்டு. எங்கள் தெருக் கிணற்றுக்கு இருபத்தெட்டு.

ஒரு வீட்டில் பருப்பு வேகவில்லை என்று மாமியார் மருமகளைத் தெருக் கேட்க ஏசிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி கூப்பிடாமலே உள்ளே போய், குப்பியைக் குலுக்கி, வெற்றிலையை மென்று முடித்துத் தீர்ப்புச் சொன்னார். "முப்பத்தொண்ணு. மருமவ மேல குத்தமில்லை. பருப்பு மேலயும் குத்தமில்லை." மாமியார் அகப்பையோடு வாசல் வரை துரத்தினாள்.

இதெல்லாம் தெருவுக்கு வேடிக்கை. அவர் மகள் கோமுவுக்குத்தான் வினை. "என் பிள்ளை உப்புத் தண்ணி குடிச்சுச் சாவக்கூடாது" என்பது அண்ணாச்சியின் சபதம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார். வந்தவருக்கு முதலில் செம்பில் தண்ணீர் கொடுப்பார்கள் இல்லையா? அதைக் குடிக்காமல் குப்பியில் ஊற்றிவிடுவார். பிறகு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு குப்பியையே முறைத்துப் பார்ப்பார். சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்து அவர் வாயைப் பார்ப்பார்கள். இப்படி ஏழு வீடு தட்டிப்போயிற்று. கோமுவுக்கு இருபத்திரண்டு முடிந்தது. கூடப் படித்தவள் இரண்டாவது பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கூப்பிட்டபோது அவள் போகவில்லை. எங்கள் வீட்டு அடுப்படியில் என் மனைவியோடு உட்கார்ந்து அழுதாள்.

என்னோடு தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவன் நெல்லையப்பன். என் வீட்டுக்கு வந்துபோன இடத்தில் கோமுவைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டான். அவளுக்கும் சம்மதம். ஆனால் அவன் ஊர் பாவூர்சத்திரம் தாண்டி ஒரு வானம் பார்த்த ஊர்.

"எங்க கெணத்துத் தண்ணியில சோப்பைப் போட்டாத் தயிராத் திரியும்லே" என்றான்.

"அப்பம் கெணத்தை மாத்து."

"கெணத்தை எப்படிலே மாத்த?"

"செம்பையாவது மாத்து" என்றேன். அந்தப் பாவத்தில் எனக்குப் பாதிப் பங்கு.

பெண் வீட்டார் வருகிற அன்று விடியற்காலையிலேயே குற்றாலத்தில் ஒரு குடம் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, மாட்டு வண்டியில் ஏற்றினோம். பாதி வழியில் வண்டி அச்சு முறிந்தது. மிச்சத் தூரத்தை நெல்லையப்பன் குடத்தைத் தோளில் வைத்தே நடந்தான். நான் மாற்றிக்கொள்கிறேன் என்றால் கேட்கவில்லை.

அண்ணாச்சி வந்தார். செம்பு வந்தது. குப்பியைக் குலுக்கினார். ஐந்தாவது சொட்டில் நுரை பொங்கி நின்றது. குப்பியைப் பார்த்தார். நெல்லையப்பனைப் பார்த்தார். அவன் தோள் துண்டுக்கு வெளியே கன்றிச் சிவந்திருந்தது. வழக்கத்தைவிட நிதானமாக வெற்றிலையை மென்று முடித்தார்.

"நல்ல தண்ணி. நாள் பாருங்க" என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று நாங்கள் துள்ளினோம். பாதிக்குப் பாதி கிணற்றுத் தண்ணீர் கலந்திருக்க வேண்டும் என்ற புத்தி இரண்டு குமாஸ்தாக்களுக்கும் வரவில்லை.

கல்யாணம் முடிந்த மறு வாரம், ஞாயிற்றுக்கிழமை, தென்காசி ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். கையில் இரண்டு தகர டின், நிறையத் தண்ணீர்.

"எங்க அண்ணாச்சி போறீய?"

"கோமு வீட்டுக்கு. அருவித் தண்ணி."

அவரே சொன்னார். "ஏலே, அஞ்சு சொட்டுல நுரை நிக்குத கெணறு இந்தச் சீமையில எங்கன இருக்கு?"

"தெரிஞ்சுமா சம்மதிச்சீய?"

"ஏழு வீட்டுக்காரனும் என்னை வைதான். இவன் ஒருத்தன்தான் எம்பிள்ளைக்காவத் தண்ணி செமந்தான்."

"உங்களுக்குக் குடிக்க?"

"எனக்கென்ன, தெருக்கெணறு போதும். ரெண்டு டின்னுக்கு மேல தூக்க முடியலைலே."

ஞாயிறு தவறாமல் சுமந்தார். கோமு வேண்டாமென்று சண்டை போட்டும் நிறுத்தவில்லை. சில வருஷம் கழித்து ஒரு பங்குனியில் அவருக்கும் கல்லடைப்பு வந்தது. மூன்று நாள். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் மறுபடியும் சொன்னார்.

செத்தவரைக் குளிப்பாட்ட எங்கள் பக்கத்தில் நீர்மாலை எடுப்பார்கள். மகன் இல்லாததால் மருமகன் குடம் எடுக்க வேண்டும். தெருக் கிணற்றிலேயே எடுத்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். நெல்லையப்பன் குடத்தைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்தைப் பார்த்து நடந்தான். பங்குனியில் அருவி நூலாகத்தான் விழும். ஒரு குடம் நிறைய வெகுநேரம் ஆயிற்று. நேரமாகுது, நேரமாகுது என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். கோமு மட்டும், "வரட்டும். அப்பா காத்திருப்பாவ" என்றாள்.

குடம் வந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, மாடத்தில் இருந்த அவர் குப்பிகளை எடுத்து வந்து, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றி ஐந்து சொட்டு விட்டுக் குலுக்கினேன். ஒரு வெற்றிலையையும் வாயில் போட்டுக்கொண்டேன். சாவு வீட்டில் வெற்றிலை மெல்லுகிறானே என்று தெருவே என்னைப் பார்த்தது. கண்ணீர் வழிய வழிய, மென்று முடிக்கும் வரை அசையாமல் நின்றேன்.

நுரை நின்றது, அண்ணாச்சி. நல்ல தண்ணிதான். குளிங்க.