காய்வெட்டு அன்று காணாமல் போன குண்டு

தக்கலை,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான ராஜையன் அண்ணனுக்கு, தங்கை லீலாபாய் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மைனியும் உங்கள் மகள் பிரீனாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். மஸ்கட்டில் உங்கள் சுகர், பிரஷர், கோபம் மூன்றும் இறங்கவேண்டும் என்று தினமும் குடும்ப ஜெபத்தில் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம். மூன்றாவதுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் மண்டபம் என்று வாயெடுத்தாலே, "எல்லாம் சரிதானே" என்று கேட்டு வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. லீவு முடிந்து வரும் பக்கத்து வீட்டு ஷிஜின் கையில் கொடுத்துவிடுகிறேன். உட்கார்ந்து வாசியுங்கள். நின்றுகொண்டு வாசிக்கிற காகிதம் இல்லை இது.

மாப்பிள்ளை வீட்டார் ஏசி மண்டபம் கேட்டார்கள் என்று, நான் சாவி வைத்திருக்கிற மண்டபத்தையே பிரீனாவின் கல்யாண விருந்துக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி பிடித்து, பத்திரிகையும் அடித்து, மஸ்கட் முழுக்கக் கொடுத்தும் விட்டீர்கள் அல்லவா? அந்த மண்டபத்தையே பூட்டப் பார்த்தார்கள், அண்ணா. கூட்டம் கூடுகிற இடங்களில் தீவிரவாதி வந்தால் எப்படித் தடுப்பது, எப்படித் தப்புவது என்று ஏற்பாடு செய்து போலீசுக்குக் காட்ட வேண்டுமாம். காட்டாத மண்டபத்தில் இந்த மாதக் கடைசிக்கு மேல் கல்யாணமே நடக்கக் கூடாதாம். நோட்டீஸைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம் மண்டபத்தில் இதுவரை நடந்த ஒரே கலவரம், மூன்றாம் பந்தியில் பப்படம் தீர்ந்ததற்கு நடந்தது.

மண்டப முதலாளி நாராயணபெருமாள் வடசேரி சந்தையில் தேங்காய்க் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். "லீலா, இதுல பாதுகாப்புப் பொறுப்பாளர்னு ஒரு ஆளு வேணுமாம். உன் பேரை எழுதிக் குடுத்திட்டேன்" என்றார். "நான் அஞ்சாங் கிளாஸாக்கும், முதலாளி" என்றேன். "தீவிரவாதி வந்து உங்கிட்ட வாய்ப்பாடா கேக்கப் போறான்?" என்றார். அப்படியே நாகர்கோவிலில் ஒருநாள் வகுப்புக்கும் அனுப்பிவிட்டார். அங்கே படித்தது இவ்வளவுதான்: யாருக்கும் சொந்தமில்லாத பையைக் கண்டால் தொடாதே, ஆட்களை விலக்கு, போலீசுக்குச் சொல்லு. இதற்கு மத்தியானம் பிரியாணி போட்டார்கள். வாசலில் வைக்க, இரும்பைக் கண்டால் கூவுகிற கதவு நிலை ஒன்றும் வந்து சேர்ந்தது. எஸ்.ஐ. ராஜகுமார் சார் ஒருநாள் சொல்லாமல் வந்து சோதனை போடுவார், ரெடியாக இருங்கள் என்றார்கள்.

அவர் வந்த நாளைக் கேளுங்கள். ஜெயசிங் வாத்தியார் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மூன்று மணி. அதாவது காய்வெட்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அவரவர் வீட்டுக் கத்தியோடு வந்து உட்கார்ந்து விருந்துக்குக் காய் நறுக்கிக் கொடுப்பது நம் ஊரில் உங்களுக்கும் எனக்கும் தெரியும். வடக்கே எங்கேயோ பிறந்த அந்த மனிதருக்குத் தெரியுமா? சாதா சட்டையில் வாசலில் ஒதுங்கி நின்றவர் கண்ணுக்கு முன்னால், நாற்பத்து மூன்று பெண்கள் வரிசையாகக் கதவு நிலைக்குள் நுழைய, நாற்பத்து மூன்று தடவையும் அது கூவியது. அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கடைசியாக நுழைந்த முத்துக்கனியை மறித்தார். உங்களுக்குத் தெரியுமே, மாவு மில்லுக்கு அடுத்த வீடு, வாய் நிற்காதே, அவளேதான்.

"பையில என்னம்மா?"

"கத்தி."

"கத்தி எதுக்கு?"

"வெட்டத்தான்."

"யாரை?"

"தடியங்காயை. மக்கா, நீ பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா? சும்மாதான நிக்கிய, அந்தச் சேனையைக் கொஞ்சம் தூக்கி உள்ள வையி."

தூக்கி வைத்தாரே, அண்ணா! எனக்கு அவர் யாரென்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அதற்குப் பிறகு நான் பூசணியையும் தூக்கக் கொடுத்திருக்க மாட்டேன்.

அரை மணி நேரம் கழித்து, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து யாரென்று சொன்னார். "சாப்பாட்டு ஹால்ல மேஜைக்கு அடியில அரை மணி நேரமா ஒரு பை கிடக்கு. நாங்கதான் வச்சோம். குண்டு மாதிரியே செஞ்சது. பொறுப்பாளர் எப்பக் கண்டுபிடிப்பாங்கன்னு பார்த்துட்டே இருக்கேன்" என்றார். எனக்குக் காலுக்குக் கீழே தரை நழுவியது. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தால் மேஜைக்கு அடியில் ஒரு பூனை இருக்கிறது, பையைக் காணவில்லை. இப்போது அவருக்குத் தரை நழுவியது. போலீஸ் வைத்த குண்டு போலீஸ் கண்முன்னாலேயே போய்விட்டது. மைக்கைப் பிடித்து, சொந்தக்காரர் இல்லாத ஒரு மஞ்சள் பை என்று வாயை மூடவில்லை, பதினொரு பெண்கள் "எனக்கதாக்கும்" என்று ஓடி வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே ஜவுளிக்கடை, ஒரே மஞ்சள் பை.

அந்த நேரம் பார்த்து அடுக்களையில் மணி அடித்தது. "அடிச்சாச்சு, பிரதமனை எறக்கு!" என்று பாயசம் காய்ச்சிக்கொண்டிருந்த சமையல்காரர் பகவதியப்பன் சத்தம் போட்டார். போய்ப் பார்த்தால், மசாலா அலமாரியில் ஒரு சிவப்பு அலாரக் கடிகாரம் இரண்டு வயர்த் துண்டோடு ஆடிக்கொண்டு நிற்கிறது. மீதி வயரை வைத்து வாழையிலைக் கட்டைக் கட்டியிருந்தார்கள். வெடிமருந்து என்று டப்பாவில் நிறைத்திருந்த மணலைக் கொட்டி ஒருத்தி உருளி தேய்த்துக்கொண்டிருந்தாள். பையை விரித்து அதன்மேல் முத்துக்கனி உட்கார்ந்திருந்தாள்.

"யாருய்யா இதைப் பிரிச்சது?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"நான்தான். அனாதையா கெடந்துது" என்றார் பகவதியப்பன். "நல்ல மணி சார். இப்பம் கடையில இந்த மாதிரி கெடைக்காது."

"டிக் டிக்னு சத்தம் கேட்டுமா எடுத்தீங்க?"

"அது கேட்டதுனாலல்லவா எடுத்தேன்!"

எல்லாரும் சிரித்தோம். நான்தான் முதலில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தேங்காய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்து, தொப்பியில்லாத தலையைத் தடவிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "நிஜமா இருந்திருந்தா, இப்ப இங்க சிரிக்க ஆள் இருக்காது." கத்திச் சத்தம் அத்தனையும் நின்றுபோயிற்று. அந்தக் கூட்டத்தில் நம் பிரீனாவும் உட்கார்ந்து ஏத்தங்காய் தோல் சீவிக்கொண்டிருந்தாள், அண்ணா. அவளை ஒரு தடவை பார்த்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு நான் யாரையும் கேலி செய்யவில்லை. லீலாவுக்குக் காய்ச்சலா என்று முத்துக்கனி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தேறவில்லை என்று எழுதிவிட்டுப் பத்து நாள் தவணை கொடுத்துப் போனார். அந்தப் பத்து நாளும் நான் தூங்கினேனா, சாப்பிட்டேனா, எனக்கே தெரியாது. பின்வாசலை மறித்து முதலாளி அடுக்கியிருந்த பழைய நாற்காலிகளையும், போன வருஷ மணமேடை யானைப் பொம்மை இரண்டையும் வெளியே இழுத்துப் போட்டேன். யார் பை கொண்டுவந்தாலும் டோக்கன். யார் கத்தி கொண்டுவந்தாலும் பிடியில் பெயர் எழுதி ஒட்டு, போகும்போது எண்ணிக் கொடு. அனாதைப் பையைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கத்த வேண்டும் என்று பகவதியப்பனுக்குத் தினமும் காலையில் பாடம். வாசலில் முத்துக்கனியைப் போட்டேன். காமிரா முகத்தைத்தான் பார்க்கும், அவள் வம்சத்தையே பார்ப்பாள்.

இரண்டாம் சோதனை போன சனிக்கிழமை, வேறொரு கல்யாணத்தில். இந்தத் தடவை முன்கூட்டியே உள்ளே ஒளித்துவைத்த பை போக, ஒரு ஆளையும் தனியாக அனுப்பியிருந்தார்கள். நல்ல வேட்டி, கையில் பத்திரிகை, நெற்றியில் சந்தனம்.

"எந்த வழியில சொந்தம்?" என்றாள் முத்துக்கனி.

"மாப்பிள்ளைக்கு மாமா பையன்."

"மாப்பிள்ளைக்க அம்மைக்கு கூடப்பொறந்த ஆம்பளையே கெடையாதே மக்கா! ஏட்டி லீலா, ஓடி வா!"

இரண்டு நிமிஷம் ஆகவில்லை, ஆள் பிடிபட்டான். நாலாவது நிமிஷம் அந்தப் பையைக் கண்டு பகவதியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊரே கேட்கக் கத்தினார். பாவம், உள்ளே மணி அடிக்க அடிக்க அவர் விரல் துடித்த துடிப்பை நான்தான் பார்த்தேன். நானூறு பேரைப் பின்வாசல் வழியாக ஆறு நிமிஷத்தில் வெளியே கொண்டுவந்து நிறுத்தினேன். சில பேர் இலையோடு வந்தார்கள், அதை எஸ்.ஐ. மன்னித்துவிட்டார். "நான் பார்த்த மண்டபத்துல இதுதான் முதல்" என்று சொல்லி, என் கையிலேயே சர்ட்டிபிகேட்டைக் கொடுத்தார். பள்ளிக்கூடம் எனக்குத் தராத ஒன்று அது, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

ஆகையால் அண்ணன் ஒன்றுக்கும் கலங்க வேண்டாம். பன்னிரண்டாம் தேதி சபையில் தாலிகட்டு முடிந்ததும் விருந்து நம் மண்டபத்தில்தான். டிக்கெட்டை மாற்றாமல் வந்து சேருங்கள். வரும்போது கைப்பையைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டு ஆட்களோடு பேச நிற்காதீர்கள், அண்ணன் என்று பார்க்க மாட்டேன். கடல் தாண்டி இருக்கிற உங்களைக் கர்த்தர் கண்மணிபோல் காத்துக் குடும்பத்தோடு சேர்ப்பாராக. மைனியின் அன்பும் பிரீனாவின் முத்தமும் இதோடு வருகின்றன.

இப்படிக்கு,
உங்கள் தங்கை லீலாபாய்,
பாதுகாப்புப் பொறுப்பாளர்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் முதலாளி மூச்சு வாங்க வந்து நிற்கிறார். பன்னிரண்டாம் தேதி டெல்லியிலிருந்து யாரோ பெரிய மனிதர் இந்தப் பக்கம் வருகிறாராம். அவர் கூட்டம் நடத்த, பாதுகாப்புச் சர்ட்டிபிகேட் உள்ள மண்டபம் இந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதானாம். அன்றைக்கு முழுநாளும் எடுத்துக்கொண்டார்கள். "நீ இவ்வளவு நல்லா செய்வேன்னு நான் நெனைக்கல்லியே லீலா" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நானும் நினைக்கவில்லை. பிரீனாவின் விருந்து இனி நம் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுத்தான். தோற்றிருந்தால் பூட்டியிருப்பார்கள், ஜெயித்ததால் எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நமக்கென்று ஒரு மார்க் இருந்திருக்கிறது, அண்ணா. அதை எடுக்க எனக்குத் தெரியவில்லை.