றஊப் பார்க்கக் கூடாத மட்ச்

கிண்ணியாப் பாலத்தை பஸ் தாண்டிய பிறகுதான் றஊபின் போன் அடித்தது.

"நானா, ப்ளேயர்மாருட அடையாள அட்டையெல்லாம் எங்க?" உதைபந்தாட்டக் கழகத்தின் உதவிப் பயிற்றுநர் முனாஸின் குரல்.

றஊப் மடியிலிருந்த பையைத் திறந்து பார்த்தார்.

"எனக்கிட்டத்தான் இருக்கு."

"நீங்க வராட்டி மட்ச் இல்ல."

"வந்தா தோத்துப் போவம்."

இரண்டும் உண்மை. நாட்டின் முதல்தர லீக்கில் கழகம் ஆடும் முதல் பருவம் இது. செயலாளர் றஊப் மைதானத்தில் நின்று பார்த்த ஏழு மட்சும் தோல்வி. எட்டாவதுக்கு அவர் காய்ச்சலில் படுத்தார், வெற்றி. இன்று கடைசி மட்ச். சமநிலை கிடைத்தாலே லீக்கில் தங்கிவிடலாம், தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். அதனால் நிர்வாகமே அவரை நிலாவெளிக்கு பஸ் ஏற்றிவிட்டது. பாவம், மனிதர் மறுபேச்சில்லாமல் ஏறினார்.

ஆட்டோ பிடித்துத் திரும்பியவர், அட்டைகளை வாசலிலேயே கொடுத்துவிட்டு, உடைமாற்றும் அறைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். எண்பத்தைந்து நிமிடம் அப்படியே. கூச்சலை வைத்தே ஒன்றுக்கு ஒன்று என்று கணக்குப் பிடித்தார். கோல்காப்பாளன் நஸ்ரி இரண்டு பந்தைப் பாய்ந்து பிடித்தானாம். றஊபுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

முனாஸ் ஓடி வந்தான். "ஆள் மாத்தணும் நானா. நீங்க சைன் வைக்காம ஏலாதாம்."

"பேப்பரை இங்க கொண்டு வா."

"நடுவர்மாருட மேசையிலதான் வைக்கணுமாம்."

மேசைக்குப் போவதென்றால் நஸ்ரி நிற்கும் கோல் கம்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். றஊப் துவாயால் தலையையும் முகத்தையும் சுற்றிக்கொண்டார். கண் மட்டும் வெளியே தெரிந்தது. நிலத்தைப் பார்த்தபடியே நடந்தார். திடீரென்று சனம் கத்தியது. நிமிர்ந்துவிட்டார்.

நஸ்ரி அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். மெல்ல உருண்டு வந்த பந்து அவன் கைக்குள் போய், நழுவி, வலைக்குள் போனது.

கடைசி விசில் ஊதியபோது றஊப் புல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "எல்லாம் என்ட ராசிடா, முனாஸ்."

முனாஸ் பக்கத்தில் குந்தினான். "ராசியெல்லாம் இல்ல நானா. உங்கட மகள் ரிப்காவை எப்பிடிப் பொண்ணு கேக்கிறதெண்டு நஸ்ரி ஒரு வருஷமாப் பயந்து திரியிறான். உங்களக் கண்டாலே அவனுக்குக் கை நடுங்குது."