மௌன நாளில் முட்டையிட்ட களவா

ஓம் சுவஸ்தியாஸ்து.

கடல் தாண்டி டவுன்ஸ்வில் ஊரில் மீன் படிப்புப் படிக்கும் என் செல்ல மகள் ரெஸ்தினிக்கு, அப்பா நெங்கா சுமெர்த்தா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நீ எங்கள் பொறுப்பில் விட்டுப்போன ஐந்து எலிக் களவா மீன்களும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். முட்டை பொரிந்த சேதியை அம்மா போனில் சொல்லிவிட்டாள். எப்படிப் பொரிந்தது என்பதை அவள் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள், ஏனென்றால் அதில் என் பங்கு இருக்கிறது. நானே சொல்லலாமென்றால் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். ஆகையால் இந்தக் கடிதம்.

நீ போன நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கமில்லை மகளே. ஐந்தும் பொட்டை, ஆனால் கவலைப்படாதீர்கள் அப்பா, அதில் பெரியது தானாகவே ஆணாக மாறிவிடும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். நான் கிலிமானுக் துறைமுகத்தில் ஆயுள் முழுக்க ஒலிபெருக்கியில் கப்பல் நேரம் சொன்னவன், எத்தனையோ ஜனங்களைப் பார்த்தவன், ஆனால் அம்மாவாக இருந்தது அப்பாவாக மாறிய கதை எனக்குப் புதிது. தினமும் தொட்டிக் கரையில் உட்கார்ந்து அந்தப் பெரியதையே உற்றுப் பார்ப்பேன், அதுவும் வாயைத் திறந்து மூடிக்கொண்டு என்னை உற்றுப் பார்க்கும். மீசையா முளைக்கும், கண்டுபிடிக்க? அமாவாசைக்கு அமாவாசை காத்திருந்தும் ஒரு முட்டையைக் காணோம். இந்தப் பருவத்திலும் இல்லையென்றால் உன் பேராசிரியை உன்னை வேறு ஆராய்ச்சிக்கு மாற்றிவிடுவார் என்று நீ அழுதாயாமே, அம்மா சொன்னாள். அன்றைக்கு நான் தொட்டிக்கு முன்னால் நின்று அந்தப் பெரிய மீனிடம் கைகூப்பிக் கேட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கடைசியில் மனமிரங்கிய மீன் எந்த நாளைப் பார்த்தது தெரியுமா? நியெபி. வருஷத்தில் வேறு நாளே இல்லாததுபோல, யாரும் வாசல் தாண்டாமல் ஊரே மூச்சு விடாமல் கிடக்கிற மௌன நாள். முந்தின ராத்திரி எல்லாரும் ராட்சசப் பொம்மை ஊர்வலத்தில் தாளம் தட்டிக்கொண்டிருந்தபோது இவை தொட்டிக்குள் தங்கள் கல்யாணத்தை முடித்துக்கொண்டன. ஊர்வலம் பார்த்த அலுப்பில் நான் வெயில் ஏறித்தான் எழுந்தேன். போய்ப் பார்த்தால் முட்டை பிடிக்கிற வலை ஈரமாகச் சுருட்டிக் கிடக்கிறது, பக்கத்து வாளியின் அடியில் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி போல முட்டை! முட்டை போட்டால் எதையும் தொடாதீர்கள், எனக்குப் போன் செய்யுங்கள் என்றாய். எங்கே செய்வது? உன்னைக் கூப்பிடுவது இணையம் வழியாகத்தான், நியெபிக்குத் தீவு முழுக்க அதை நிறுத்திவிட்டார்கள். முட்டை பொரிக்க விடுகிற குஞ்சுத் தொட்டியோ தெருவுக்கு அந்தப் பக்கம், ஹாஜி சாருஜி வீட்டு முற்றத்தில். தெருவில் கால் வைத்தால் ஊர்க்காவல். உன் அம்மாவிடம் ஓடினேன். அவள் மௌன விரதம். வாளியைக் காட்டினாள், எதிர்வீட்டைக் காட்டினாள், இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தூங்குவதுபோலக் காட்டினாள். உடனே கொண்டுபோய் அங்கே தூங்கவை என்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வாளியைத் தூக்கினேன். தலையை இப்படியும் அப்படியும் பலமாக ஆட்டி என் முதுகில் ஒன்று வைத்தாள். இன்னும் ஏன் நிற்கிறாய் என்று அர்த்தம். முப்பது வருஷக் குடித்தனம், இதுகூடவா புரியாது?

வாசலில் எட்டிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு உன் தாய்மாமன் கெர்த்தாதான் காவல். முறைப்படி எனக்கு மச்சினன், அன்றைக்கு மட்டும் மகாராஜா.

"அத்தான், உள்ளே போங்க."

"மாப்ளே, அவசரம்டா. பிரசவம்."

அவன் முகம் மாறிவிட்டது. "யாருக்கு? ஆஸ்பத்திரிக்குன்னா வண்டியே எடுக்கலாம், அதுக்கு அனுமதி இருக்கு."

"மீனுக்கு."

"அத்தான், வெயில்ல நிக்காதீங்க."

"டேய், உன் மருமக படிப்புடா இது! உள்ளே இருக்கிறது எல்லாம் உசுரு!"

வாளிக்குள் குனிந்து பார்த்தான். "இதுக்குத் தாய் எது?"

"நாலுல ஏதோ ஒண்ணு. அப்பன் யாருன்னு கேளு, அது தெரியும். போன வருஷம் வரைக்கும் அதுவும் அம்மாதான்."

கெர்த்தா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். "நீங்க தெருவுல இறங்கக் கூடாது, அது சட்டம். ஆனா நான் நடக்கலாம். குடுங்க இப்படி." வாளியை வாங்கிக்கொண்டு, சாமி தீர்த்தம் கொண்டுபோவதுபோல நிமிர்ந்து நடந்தான். எனக்கு மனசு கேட்குமா? அவன் மாடு மேய்க்கிறவன், மீன் முட்டையைப் பற்றி என்ன தெரியும்? வாசலிலேயே நின்று ரகசியமாகத்தான் சொன்னேன்: "மெதுவா ஊத்துடா! ஓரமா! ஓரமா ஊத்து!" என் ரகசியம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். தீவில் வேறு ஒரு சத்தமும் கிடையாது பார். தெருக்கோடி வரை நாயெல்லாம் குலைத்தது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹாஜியின் குரல் மட்டும் கேட்டது: "ஊத்தியாச்சு அண்ணே, ஊத்தியாச்சு! உள்ளே போய்ப் படுங்க, அபராதம் போட்டுடப் போறாங்க."

அன்று முழுக்க நான் பட்ட பாடு! அடுப்பு இல்லை, விளக்கு இல்லை, முந்தின நாள் கட்டி வைத்த ஆறிய சோற்றை நான் தொடக்கூட இல்லை. உன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அவளுக்கும் கவலை. மறுநாள் எழுந்ததும் எதிர்வீட்டுக்கு ஓடினேன். ஹாஜி டார்ச் அடித்தார். தொட்டி முழுக்க, மகளே, தண்ணீருக்கே உயிர் வந்ததுபோல, தூசியைவிடச் சின்னதாக, கண்ணாடி நூல் நூலாக, துடித்துத் துடித்து! நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. நியெபிக்கு மறுநாள் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்க வரும் ஜனம் எங்கள் வீட்டுக்கு வந்து, "தாயும் பிள்ளையும் சுகமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனது. ஊர்த் தலைவர்கூட அபராதம் பற்றி வாயைத் திறக்கவில்லை, காதை மட்டும் தடவிக்கொண்டார். நானும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு வேண்டுமானாலும் கேட்கிற மனநிலையில் இருந்தேன்.

நீ நிம்மதியாகப் படி. உன் பேராசிரியையிடம் என் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, அவரே கேட்டால் சொல். நம் குலதெய்வங்கள் உன்னைக் காக்கட்டும், குளிர்காலத்தில் காதை மூடிக்கொள்.

ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி, ஓம்.

உன் அன்பு அப்பா.

பின்குறிப்பு: ரெஸ்தினி, அம்மா எழுதுகிறேன். உறை ஒட்டும் வேலை என்னுடையதாயிற்றே, படித்துவிட்டேன். முட்டையை நான் நியெபி தொடங்குவதற்கு முன்பே, இருட்டோடு எடுத்துவிட்டேன். நீ செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே. தெளிவாக மேலே மிதந்ததையெல்லாம் அள்ளி எதிர்வீட்டுத் தொட்டியில் விட்டுவிட்டு, அடியில் தங்கிய வெள்ளையை, அதாவது செத்த முட்டையைக் கொட்டுவதற்குள் பொழுது விடிந்து நியெபி தொடங்கிவிட்டது. எல்லாம் அங்கே பத்திரமாகத் தூங்குகிறது, இந்த வாளியைத் தொடாதே என்றுதான் சைகை காட்டினேன். அவரும் உன் மாமாவும் சேர்ந்து செத்ததைக் கொண்டுபோய் உயிருள்ளதன் தலையில் ஊற்றினார்கள். மறுநாள் உன் அப்பா எழுவதற்குள் நானும் ஹாஜியும் குழாய் வைத்து அதை உறிஞ்சி எடுத்தோம். நீ பயப்படாதே, குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் அப்பா வேலையை விட்டபிறகு இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பதில் எழுதும்போது அவருக்கு நன்றி சொல்லி எழுது. கொஞ்சம் நீளமாகவே எழுது.