அப்படியொரு அப்பா இருக்கவே முடியாதாம்

அன்புள்ள லொரெட்டா அக்காவுக்குத் தம்பி ஆம்ப்ரோஸ் எழுதுவது. இங்கே ஒஹாயோவில் நான், என் மனைவி நதீன், நாய் எல்லோரும் சௌக்கியம். அங்கே அத்தானும் அவருடைய முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

என் மகள் கோரின் எழுதி இயக்கிய ஹாலோவீன் படம் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு அடிக்கும் லூட்டி என்றுதான் சொல்லியிருந்தாள். தியேட்டரில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அதில் வரும் அப்பா என்னைப் போலவே ஈமச்சடங்கு நிலையம் நடத்துகிறவர். மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்காக, விற்பனைக்கு வைத்த சவப்பெட்டிக்குள் படுத்துத் தூங்கியே போகிறார். கணவனைப் பறிகொடுத்த ஓர் அம்மாள் பெட்டி பார்க்க வந்து மூடியைத் திறக்க, இவர் எழுந்து உட்கார்ந்து மிட்டாயை நீட்டுகிறார். அக்கா, அது நான்தான், அத்தனையும் நடந்ததுதான் என்று உனக்கும் தெரியும். சிரிக்காத முகம்தான் என் தொழிலுக்கு மூலதனம். என்னைப் பார்த்தாலே சிரிப்பு வருமென்றால் துக்க வீட்டார் யார் என்னைத் தேடி வருவார்கள்? ஊரே விழுந்து விழுந்து சிரிக்க, நான் கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டேன். நதீன் வேறு என் தொடையைக் கிள்ளி, "நீங்களும் சிரிச்சு வைங்க, இல்லேன்னா கண்டுபிடிச்சுடுவாங்க" என்கிறாள்.

ஆனால் விமர்சனங்கள் வந்து என் மானத்தைக் காப்பாற்றின. பிள்ளைகள் பரவாயில்லை, பேய்தான் சுமார், அந்த அப்பா மட்டும் சுத்த அபத்தம், இப்படியொரு அசடு பூமியில் இருக்க வாய்ப்பே இல்லை என்று ஒரு பத்திரிகை. எழுதியவர் அப்பா என்ற பிராணியையே பார்த்ததில்லை போலும் என்று இன்னொன்று. மாதா கோயில் வாசலில் பாதிரியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் உங்களைத்தான் சொல்றாளோன்னு நினைச்சுட்டேன், ஆம்ப்ரோஸ். நல்லவேளை, பேப்பர்ல தெளிவாப் போட்டுட்டாங்க" என்றார். போன உயிர் திரும்பி வந்தது.

கோரின்தான் சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். "நடந்ததைத்தானேப்பா எழுதினேன்? மனுஷங்களையே எழுதத் தெரியலைங்கிறாங்க. இனிமே எனக்கு யாரு படம் குடுப்பா?" விமர்சகன் கிடக்கிறான், விடு என்று தட்டிக்கொடுத்தேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

நிம்மதியாக இருக்கும் தம்பி,
ஆம்ப்ரோஸ்

பி.கு: உறையை ஒட்டப் போனவனை கோரினின் அழுத முகம் விடவில்லை. அந்த அசடு நான்தான், எல்லாம் உண்மை என்று பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அதற்கு முன், அன்று நிஜமாகவே மூடியைத் திறந்த அந்த அம்மாளிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதுங்க. அவர் இறந்த வாரத்துல நான் சிரிச்சது அந்த ஒரு தடவைதான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில், பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் என் போட்டோவோடு வருகிறது. போட்டோ கொஞ்சம் அசைந்து மங்கலாகத் தெரியும். கோரின் சிரித்துக்கொண்டே எடுத்தது.