ஊசி அண்ணையும் மிஸிஸ் மக்கின் அப்பாவும்

நான் மொன்றியலில் இருந்த காலத்தில் மனிதரை நிம்மதியாக வாழவிடாமல் செய்தவை இரண்டு. ஒன்று குளிர். மற்றது ஊசி அண்ணை. குளிராவது சித்திரையோடு போய்விடும்.

ஊசி என்றதும் ஏதோ ஆசுப்பத்திரி உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். கையால் சுற்றி முடுக்கும் பழைய கிராமபோன் ஒன்று வைத்திருந்தார். ஒரு பாட்டுக்கு ஓர் ஊசி. பாட்டு முடிந்ததும் அதை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று பூட்ட வேண்டும். அதனால் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு தீப்பெட்டி நிறைய உருக்கு ஊசிகள். மனிசன் மாடிப்படி ஏறினால் கிலுகிலு என்று சத்தம் கேட்கும். எறிந்த ஊசிகள் எங்கே போகும் என்று கேட்பீர்கள். என் உள்ளங்காலுக்குள்தான், வேறெங்கே?

செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடி வீடு. ஊசி அண்ணை, நான், கம்ப்யூட்டர் படிக்க வந்த சென்னைத் தம்பி ஒருவர் என்று மூன்று பேர். மிச்ச இடமெல்லாம் ஸ்கொட்லாந்துப் பாட்டுகள். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவானவை, கறுத்துத் தடித்த இசைத்தட்டுகள், விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். கிறிஸ்தவக் கோயில்களின் நிலக்கீழ் அறைகளில் நடக்கும் பழைய சாமான் விற்பனை ஒன்றையும் அவர் விட்டதில்லை. கட்டிலுக்குக் கீழே இசைத்தட்டு, அரிசி வாளிக்குப் பின்னால் இசைத்தட்டு. கடைசியில் இடமில்லாமல் ஓவனுக்குள்ளும் அடுக்கி வைத்துவிட்டு ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு நாள் சென்னைத் தம்பி பீட்சா சுடுவதற்காக ஓவனைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். துவாயோடு ஓடி வந்தார்.

"அண்ணா, ஏதோ கருகுற வாசனை வருது! நான் இன்னும் பீட்சாவ உள்ளயே வைக்கலயே!"

வைக்கவில்லைதான். ஆனால் உள்ளே பதினொரு பாட்டுக்காரர்கள் இருந்தார்கள்.

ஊசி அண்ணை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் அந்த ஞாயிறு எங்களுக்கு நேர்ந்த மானக்கேடு நேர்ந்திருக்காது. அவர் மன்னார்க் கத்தோலிக்கர். எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலில் மரித்தவர்களின் ஆன்மாவுக்காகப் பூசைக்குப் பெயர் கொடுப்பது வழக்கம். பங்குச் சுவாமி வழக்கம்போலத் தாளை எடுத்து இரண்டு சூசைப்பிள்ளைகளையும் ஒரு மரியம்மாவையும் வாசித்தார். பிறகு நிறுத்திக் கண்ணாடியைச் சரி செய்தார். அடுத்து வந்தவை 'மக்' என்று தொடங்கும் பெயர்கள், ஒன்றல்ல, பதினொன்று. ஒவ்வொன்றாகச் சுவாமியின் நாக்குப் புரண்டு விழுந்தது. எனக்கு உட்கார்ந்திருந்த வாங்குக்குக் கீழே புகுந்துவிடலாம் போலிருந்தது.

பூசை முடிய சனம் வரிசையாக வந்து ஊசி அண்ணையின் கையைப் பிடித்தது.

"பதினொரு பேருமோ, தம்பி? ஒரே நாளிலயோ?" என்று ஒரு அன்ரி விம்மினா. "கார் அக்சிடென்ரோ?"

"இல்லை அன்ரி. நெருப்பு."

அன்ரி அங்கேயே அழத் தொடங்கிவிட்டா. சுவாமி மட்டும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"உவை புரட்டஸ்தாந்துக்காரர் எல்லோ?"

"ஓம் சுவாமி. அதாலதான் கொஞ்சம் கூடச் செபம் வேணும்."

வீட்டுக்கு வந்து நான் வெடித்தேன். "அட கோதாரி! அவங்கள் பாடுறதில ஒரு சொல்லாவது உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்காது. அதுதான் நல்லம்," என்றார். "தமிழ்ப் பாட்டுப் போட்டால் ஆரோ ஒராள் ஞாபகத்துக்கு வந்திடுது. இவையளோட எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாரும் நான் கேட்க முதலே செத்திட்டினம்."

நான் சிரித்தேன். ஊரில் நடந்த சண்டைக்குப் பிறகு அவர் வீட்டில் மிஞ்சியது அவர் ஒருவர்தான் என்று எனக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது. தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பை நினைத்து எத்தனை தரம் வெட்கப்பட்டேன் தெரியுமா!

எங்கள் இருவருக்கும் வேலை செயின்ட்-லோரன்டில் ஒரு முதியோர் இல்லத்தில். அவர் நிலம் துடைப்பார், நான் சமையலறையிலிருந்து சாப்பாடு கொண்டு போவேன். அங்கேதான் மிஸிஸ் மக் இருந்தா. ஸ்கொட்லாந்திலிருந்து வந்த குடும்பம், வயது தொண்ணூறுக்கு மேல், கை மட்டும் இருபது வயதுக் கை. காலையில் நான் கொண்டு போகும் ஓட்ஸ் கஞ்சியை என் மேலேயே எறிவா. குறி தப்பியதே இல்லை. அப்படிப்பட்டவ ஊசி அண்ணையோடு மட்டும் கதைத்தா. நிலம் துடைக்கும்போது அவர் முணுமுணுத்த பாட்டைக் கேட்டு, "சொல் பிழை" என்று அதட்டித் தொடங்கிய சிநேகிதம் அது.

ஒரு நாள் ஊசி அண்ணை துடைப்பத்தோடு சமையலறைக்கு வந்து நின்றார். முகமே சரியில்லை.

"தம்பி, மிஸிஸ் மக்கின்ர தகப்பன் முதலாம் உலகச் சண்டைக்குப் போக முந்தி, இந்த ஊரில ஒரு பாட்டுப் பாடி றெக்கோட் பண்ணினவராம். போனவர் திரும்பி வரேல்ல. அப்ப இவ கைக்குழந்தை. வீட்டில இருந்த தட்டும் உடைஞ்சு போச்சாம். அப்பான்ர குரல் எப்பிடியெண்டு தெரியாமலே சாகப் போறன் எண்டு சொல்லுறா."

அவ்வளவுதான், என் சனி ஞாயிறுகள் தொலைந்தன. ஜூலை முதலாம் திகதி இந்த நகரமே வீடு மாறும். வேண்டாத சாமானெல்லாம் நடைபாதைக்கு வந்துவிடும். ஊரெல்லாம் கட்டில் தூக்க, நாங்கள் மழையில் நனைந்தபடி குப்பை கிளறினோம். ஒரு வருடம், இரண்டு வருடம். மூன்றாம் வருடம் நான் மாட்டேன் என்று படுத்துவிட்டேன். மத்தியானம் ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யிலிருந்து போன் வந்தது.

"தம்பி, ஆள் கிடைச்சிட்டார்!"

"ஆர் அண்ணை?"

"மிஸிஸ் மக்கின்ர அப்பா! ஒரு உடைஞ்ச கதிரைக்குக் கீழ கிடந்தவர். பேர் போட்டிருக்கு!"

நனையாமல் இருக்கச் சட்டையைக் கழற்றி இசைத்தட்டைச் சுற்றிக்கொண்டு, மெட்ரோவில் பெனியனோடு வந்து இறங்கினார். ஒரு பக்கம் மட்டும் பாட்டுள்ள தட்டு. போட்டுப் பார்ப்போம் என்றேன்.

"விசரோ உனக்கு? மகள் கேட்க முதல் நாங்கள் கேட்கிறது முறையில்லை."

கிராமபோனின் சுருள்வில் அறுந்து திருத்தக் கொடுத்திருந்தது. அதை எடுத்து வரப் போனார். தட்டைத் தொடாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மேலெல்லாம் பூஞ்சணம். இதைப் போய் மிஸிஸ் மக்குக்கு முன்னால் எப்படி வைப்பது? மூன்று வருடம் அலைந்த மனிசனுக்கு நானும் ஒரு உதவி செய்வோமே என்று நினைத்தேன். எதைக் கண்டாலும் ஸ்பிரிட் போட்டுத் துடை என்பதுதான் வேலையிடத்தில் எங்களுக்குக் கற்றுத் தந்த ஒரே பாடம். துடைத்தேன். துணி கறுத்தது. என்ன ஊத்தை என்று மறுபடியும் ஊற்றி அழுத்தித் துடைத்தேன். துணி இன்னும் கறுத்தது. எவ்வளவு ஊத்தை கழலுகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கடவுளே, அது ஊத்தையில்லை. பாட்டு.

ஊசி அண்ணை வந்து பார்த்தார்.

"எதால துடைச்சனி?"

"ஸ்பிரிட்."

"இந்தத் தட்டு அரக்கில செய்யிறது, தம்பி. ஸ்பிரிட் பட்டால் கரைஞ்சு போகும்."

கதிரையில் உட்கார்ந்தார். அந்தக் கறுப்புத் துணியை எடுத்து நாலாக மடித்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். அதைவிட அவர் எனக்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அடுத்த நாள் கிராமபோனை மிஸிஸ் மக்கின் அறைக்குக் கொண்டு போனார். அவ தலை சீவி, நல்ல சட்டை போட்டு, காதைச் சாய்த்துக்கொண்டிருந்தா. தட்டு சுற்றியது. வெறும் இரைச்சல். நடுவில் ஓரிடத்தில் ஏதோ கேட்டது போலிருந்தது, மனிதக் குரலோ சுருள்வில்லின் கிறீச்சோ தெரியவில்லை. பிறகு அதுவும் இல்லை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டா.

நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அவவுக்குப் பக்கத்தில் நின்றேன். சொல்ல வேண்டியவன் நான். கரண்டியால் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் பிழையாகத் துடைத்துக் கெடுத்துவிட்டேன், மடம்," என்று ஊசி அண்ணை தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

அவ திட்டிய திட்டு எந்த இசைத்தட்டிலும் நான் கேளாதது. என் கையிலிருந்த கிண்ணத்தைப் பறித்து முதல் தடவையாக அவர் மேல் எறிந்தா. இனி அறைக்குள் வரக் கூடாது என்றா. அதன்பின் அவர் நடையைத் துடைத்து வந்து அவவின் வாசற்படியோடு நின்றுவிடுவார். பாட்டு முணுமுணுப்பதும் நின்றுபோனது. பனி விழ முதல் மிஸிஸ் மக் கண்ணை மூடிவிட்டா, அவரோடு ஒரு சொல் கதைக்காமலே.

"ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?" என்று ஒரு நாள் அழுதுகொண்டு கேட்டேன்.

"அவவுக்கு ஆரையாவது ஏச வேணும், தம்பி. நீ தாங்க மாட்டாய்."

தட்டைக் கெடுத்தது நான். இன்றுவரை இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை. என் கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஆனாலும் உங்களுக்கு அண்ணன்மார் இருக்கினமோ என்று யாராவது கேட்டால், ஓம், ஒருவர் இருக்கிறார் என்றுதான் சொல்லி வருகிறேன்.