சார்ஜரில் போடவும்

"மாமா, மானிட்டரைப் பக்கவாட்டுல சாய்ச்சுடலாமா?" என்று மச்சினன் கேட்டபோது, இன்டர்வியூவுக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

அந்த மாமா ஒரு சேல்ஸ்மேன். வேலை பார்த்த செருப்புக்கடையை இழுத்து மூடிய பிறகு அவரைக் கூப்பிட்ட ஒரே இடம் இதுதான். போன் கம்பெனியில் வாடிக்கையாளர் குறை கேட்கும் வேலை. கேட்கக்கூடிய கேள்விகளையெல்லாம் ஒரு வாரமாக உருப்போட்டிருந்தார். முந்தைய இரவுகூட விளக்கை அணைத்துவிட்டு, மனைவியின் தூக்கம் கெடாதபடி போனிலேயே படித்தார். காலையில் வெயில் கொட்டும் ஹாலில் எடுத்துப் பார்த்தால், திரை கன்னங்கரேலென்று இருந்தது. தட்டினார், தேய்த்தார், கெஞ்சியும் பார்த்தார். இன்டர்வியூவுக்கான ஆப், போனில் மட்டும்தான் திறக்கும்.

மனைவியிடம் இருந்தது பட்டன் போன். மச்சினனிடம் நல்ல போன் உண்டு. ஆனால் அதை யார் கையிலும் தரமாட்டான். பதிலுக்கு அறிவைத் தருவான், கேட்காமலேயே.

"போன்னா என்ன மாமா? உள்ள இருக்கற சாப்ட்வேர்தானே. அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா, கம்ப்யூட்டரே போன்."

"அந்தப் போனை ஒரு தடவை இருட்டுல..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"அக்கா, இது டெக்னிக்கல் விஷயம்," என்று அவள் வாயை அடைத்துவிட்டு, பென் டிரைவைச் செருகினான்.

சொன்னபடி ஏற்றியும் விட்டான், பாவி. ஆப்பும் திறந்தது, ஆனால் எழுத்தெல்லாம் படுத்துக்கிடந்தது. நிமிர்த்தும் வழி தெரியாமல்தான் மானிட்டரையே சாய்த்தான். எழுத்து நிமிர்ந்தது. மேலே ஒட்டியிருந்த கேமராவும் சேர்ந்து சாய்ந்ததால், இப்போது சேல்ஸ்மேன் படுத்துவிட்டார். கன்னத்தை மேசையில் வைத்துக்கொண்டால் மட்டும் படத்தில் மனுஷனாகத் தெரிந்தார்.

சாய்ந்த மானிட்டரின் பாரத்தில் மேசை ஆடியது. செத்த போன் சும்மாதானே கிடக்கிறது என்று, மச்சினன் அதை மேசைக்காலுக்கும் சுவருக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தான். ஆட்டம் நின்றது. உடனே மானிட்டர் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: 'பேட்டரி பூஜ்யம். சார்ஜரில் போடவும்.'

"பொறந்ததுலேருந்து இது சார்ஜர்லதான்டா இருக்கு," என்றார் சேல்ஸ்மேன், மேசையில் படுத்தபடியே.

கம்ப்யூட்டருக்கு ஏது பேட்டரி? மச்சினன் பக்கத்து வீட்டுக்கு ஓடி, பேட்டரி உள்ள யூபிஎஸ் பெட்டியைத் தூக்கிவந்து மாட்டினான். ஆப் சமாதானமானது. ஆனால் அந்தப் பெட்டியின் பிளக் லொடலொடவென்று இருந்தது. கையை எடுத்தால் பெட்டி ஊரைக் கூட்டியது. ஆகவே பிளக்கைப் பிடித்துக்கொள்ள மனைவி மேசைக்கு அடியில் போக வேண்டியதாயிற்று. ஒயர்கள் அசிங்கமாகத் தெரிவதாகச் சொல்லி, மச்சினன் மேசையைச் சுற்றிக் கனமான போர்வை ஒன்றையும் தொங்கவிட்டான்.

"ஏங்க..." என்றது போர்வை.

"இப்பப் பேசாதம்மா. இதையும் விட்டா எனக்கு வேற வேலை கிடைக்காது," என்றார் சேல்ஸ்மேன்.

திரையில் அதிகாரி அம்மாள் தோன்றினார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"உங்க வீட்டுக் கதவு ஏன் சார் படுத்திருக்கு?"

"புது டிசைன் மேடம்."

அவர் மேற்கொண்டு கிளறவில்லை. பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் விசாரித்தார். செருப்பு விற்றவருக்கு வாடிக்கையாளரைச் சமாளிக்கச் சொல்லித்தர வேண்டுமா என்ன? சேல்ஸ்மேன் சரளமாகப் பேசினார். மச்சினன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அதிகாரி அம்மாள் முகத்தில் சிரிப்புகூட எட்டிப்பார்த்தது.

"கடைசிக் கேள்வி. ஒரு கஸ்டமர், நல்லா இருந்த போன் காலையில திடீர்னு கறுப்பாயிடுச்சுன்னு பதறிக்கிட்டு வர்றார். முதல்ல என்ன கேப்பீங்க?"

உருப்போட்ட பாடம். சேல்ஸ்மேன் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"ராத்திரி வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சுட்டு மறந்துட்டீங்களான்னு கேப்பேன் மேடம். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஒண்ணுமில்லாததுக்கு வீட்டையே தலைகீழாப் புரட்டிடுவாங்க."

"பிரமாதம்," என்றார் அதிகாரி அம்மாள்.

போர்வைக்குள்ளிருந்து மனைவி நிதானமாகக் கேட்டாள்.

"ஏங்க, இந்த இருட்டுல உங்க போன் மங்கலாத் தெரியுது. வெளிச்சத்தைக் கூட்டட்டுமா?"